இறுகாத கூப்பனி

சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டில், பதனி காய்ச்சும் விடிலி ஒன்றில் இப்படி ஒரு காலை வரும். தாச்சியில் பதனி நாலு மணி நேரம் கொதித்துக் கூப்பனி என்னும் பாகாகிவிட்டது. துடுப்பில் ஒட்டியதைத் தண்ணீரில் சொட்டவிட்டால் உருண்டு திரண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை, கரைந்து போகிறது. சிரட்டையில் ஊற்றினால் மறுநாளும் பாகாகவே கிடக்கும். கணவன் விடிவதற்கு முன் முப்பது பனை ஏறி இறக்கியது அது. மூலையில் சீனி மூட்டை இருக்கிறது. ரெண்டு படி அள்ளிப் போட்டுக் கிண்டினால் இறுகிவிடும். பார்வைக்கும் குறையிருக்காது.

அந்தக் கருப்பட்டியை வருஷா வருஷம் வாங்கும் சின்னக் கடைக்காரருக்கு நாக்கு சொல்லிவிடுகிறது. உடைத்த இடத்தில் மினுக்கம் கூடியிருக்கிறது, வாயில் போட்டால் முதலில் சீனி, பிறகுதான் பனை. அந்தக் குடும்பம் கடனில் இருப்பதும் அவருக்குத் தெரியும். சொல்லலாமா? சொன்னால் யாரிடம், எந்த முறையில்?

முதலில் குற்றம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். பாளையிலிருந்து சொட்டும்போது பதனி நல்ல இனிப்பு. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைப் புளிக்க வைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு குறைந்தாலும், கலயம் சரியாகக் கழுவப்படாவிட்டாலும், கோடை மழை பெய்தாலும், ராத்திரிப் புழுக்கம் கூடினாலும் பதனி நிற்காது. புளிப்பு ஏறும்போது அதிலுள்ள சர்க்கரை உடைந்து வேறு வகைச் சர்க்கரையாகிறது. அது லேசில் படிகம் கட்டாது. கூப்பனி இறுக மறுப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே முதல் கைச் சீனி பெரும்பாலும் லாபக் கணக்கில் விழுவதில்லை, ஒரு நாள் உழைப்பு மண்ணுக்குப் போய்விடுமே என்ற பதற்றத்தில் விழுகிறது. இரண்டாவது, மூன்றாவது கை விழும்போதுதான் கணக்கு வருகிறது. எட்டுப் பத்து லிட்டர் பதனி வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி. சீனியோ கிலோ நாற்பது ரூபாய்ச் சொச்சத்துக்குக் கடையில் கிடக்கிறது. கருப்பட்டி அதைப்போலப் பல மடங்கு. ஒருநாள் தப்பிக்கப் போட்டது அடுத்த வாரம் வழக்கமாகிவிடும்.

பதற்றத்தில் போட்டவரிடம் பேசுவதும் கணக்குப் பார்த்துப் போட்டவரிடம் பேசுவதும் ஒன்றல்ல. ஆனால் வெளியிலிருந்து ருசி பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே ருசி. கேட்டால் ஒழியத் தெரியாது. பேச வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

பேச வேண்டாம் என்பவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. பனை ஏறுவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. பருவம் தையில் தொடங்கி ஆடியோடு முடிந்துவிடும். மீதி மாதங்கள் கடன். வியாபாரி கொடுத்த முன்பணத்துக்குச் சரக்கை அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் போய்த் தரம் பேசுவது வயிற்றில் அடிப்பது என்பார்கள். கேட்க இதமான வாதம். ஆனால் அது ஒரு விடிலியை மட்டும் பார்க்கிறது. அடுத்த வரப்பில் இன்னொரு விடிலி இருக்கிறது. அங்கே இறுகாததை இறுகாதது என்று ஒதுக்கி, நஷ்டத்தைத் தாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அதே கடனில்தான் இருக்கிறார்கள். சீனி கலந்த சரக்கு மலிவாக வந்து குவியும்போது விலை விழுவது அவர்களுக்கு. இரக்கம் காட்டுகிறேன் என்று வாய் மூடுபவர், நேர்மையான ஏழையின் பையிலிருந்து எடுத்துத்தான் அந்த இரக்கத்தைக் கொடுக்கிறார்.

சாப்பிடுபவர் பக்கமும் இருக்கிறது. கருப்பட்டியை இந்த ஊரில் வெறும் இனிப்பாக யாரும் வாங்குவதில்லை. வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி, பிள்ளை பெற்றவளுக்கு மருந்துருண்டை, தடுமன் பிடித்தால் சுக்குக்காப்பி. நம்பிக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அதிலும் இராமேஸ்வரத்தில் கோயில் வீதிக்கு வருகிறவர் நிலை தனி. ஓலைக்கொட்டானில் கட்டிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார். ஊர் போய் ருசித்துப் பார்த்து முகம் சுளித்தாலும் திரும்பி வந்து சொல்லப்போவதில்லை. யாத்திரைத் தலத்துச் சரக்கு கெட்டுப்போக இதைவிட வேறு காரணம் வேண்டாம்: தினமும் புதிய வாடிக்கையாளர், குறை சொல்ல ஒருவரும் இல்லை. அப்படியானால் வருஷா வருஷம் வாங்குகிற உள்ளூர்க்காரரின் நாக்குக்குப் பொறுப்பு கூடுகிறது.

அவர் என்ன செய்கிறார்? பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல் வேறு விடிலிக்கு மாறிவிடுகிறார். பார்க்கக் கண்ணியமாக இருக்கும். சரக்கு கெட்டது அந்த வீட்டுக்குத் தெரியாது. ஆள் வராதது மட்டும் தெரியும். ஏன் வரவில்லை என்று அவர்களாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள். விலை கூடவோ, பக்கத்து வீட்டார் ஏதும் சொன்னாரோ என்று. விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள், விலையைக் குறைக்க இன்னும் சீனி போடுவார்கள்.

எதிர்க் கோடியில் இருப்பவர் ஊரறியப் பேசுபவர். தமிழ்நாட்டில் இவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 1987 ஜனவரி முதல் இங்கே கள் இறக்கத் தடை. சுண்ணாம்புக் கலயத்தில் இறங்கினால் பதனி, சுண்ணாம்பில்லாமல் இறங்கிப் புளித்தால் கள். ‘அந்த வீட்டுப் பதனி புளிச்சுக் கிடக்கு’ என்று டீக்கடையில் சொன்னால் அது தரத்தைப் பற்றிய பேச்சாக நிற்காது. போலீஸ் ஸ்டேஷன் வரை நடக்கக்கூடிய பேச்சு. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் பனங்கள் சட்டப்படி விற்கும் சரக்கு. புளித்தால் அதற்கும் ஆள் உண்டு. இங்கே புளித்த பதனிக்கு மண்ணும் தாச்சியும்தான் எளிய வழி. கள் தடை சரியா தவறா என்பது தனி வழக்கு, அதை இதில் இழுக்க வேண்டாம். ஆனால் சொல்கிறவர் தன் சொல் எந்த வாசலில் போய் விழும் என்று தெரிந்து சொல்ல வேண்டும். குறையின் அளவுக்கு மேல் தண்டனை வாங்கித் தரும் இடத்தில் குறையைச் சொல்வது நியாயமாகாது.

சட்டம்கூட இதில் அவசரப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்குபவரே கட்டணம் கட்டிச் சரக்கைப் பரிசோதனைக்குக் கொடுக்க இடம் தருகிறது. விதிமீறல் கண்ட அதிகாரி முதலில் மேம்பாட்டு அறிவிப்பு கொடுக்கலாம். என்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்று எழுதி, குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். அதிகாரிக்கே அந்த நிதானம் சொல்லப்பட்டிருக்கும்போது, பத்து வருஷம் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர் அதைவிட விரைவாகத் தீர்ப்புச் சொல்வது அழகில்லை. சரக்கில் உடம்புக்குக் கேடான ரசாயனம் சேர்கிறது என்று தெரிந்தால் மட்டும் இந்த நிதானம் பொருந்தாது. அப்போது அதிகாரியிடம் போவதே முறை.

நேரில் போனாலும் யாரிடம் சொல்வது? சுண்ணாம்பு தடவுவது கணவன் கை, காய்ச்சுவது மனைவி கை. சீனி வாங்கிப் போட்டது அவள், ஆனால் போட வைத்தது அவன் கழுவாத கலயமாக இருக்கலாம். இருவரையும் ஒன்றாக வைத்துக் கேட்டால் அங்கே சண்டைதான் நடக்கும். ‘சீனி போட்டியா?’ என்று ஆரம்பித்தால் ‘யார் சொன்னா?’ என்றுதான் பதில் வரும். ‘அக்கா, இந்தத் தடவை வாயில போட்டா நறநறங்குதே, என்னாச்சு?’ என்றால் கதை வேறு. ‘மழை பேஞ்சிருச்சு தம்பி, ரெண்டு நாளா பதனி நிக்கல’ என்று உள்ளது வந்துவிடலாம். பிறகு பேச்சு கலயத்துக்கும் சுண்ணாம்புக்கும் போகும், ஆளின் யோக்கியதைக்குப் போகாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி, சொல்கிறவரை நோக்கி. சென்ற பருவத்தில் கிலோவுக்குப் பத்து ரூபாய் அடித்துப் பேசி வாங்கியவர் அவர்தானே? முன்பணத்தைப் பிடியாக வைத்து விலை குறைத்த வியாபாரிக்குத் தரம் கேட்கும் உரிமை இல்லாமல் போகவில்லை. ஆனால் அது கால் ஊனமான உரிமை. சுத்தமான சரக்கின் விலையைக் கொடுக்க மனமில்லாமல் சுத்தமான சரக்கைக் கேட்பது, சீனியைத் தன் கையாலேயே தாச்சியில் போடுவதற்குச் சமம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பெயருக்கு ஒரு காவல் வந்தது. பெயரை ஏடு காக்கலாம். இறுகாத நாளின் நஷ்டத்தில் பாதியை யாராவது ஏற்றுக்கொண்டால்தான் சரக்கைக் காக்க முடியும்.

அதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். புளிப்பு முற்றாத கூப்பனியைப் பாகாகவே எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் சொல்லலாம். பணியாரத்துக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ள அது போதும். கருப்பட்டி விலை கிடைக்காது, மண்ணில் ஊற்றுவதை விட மேல். கடை ஓரத்தில் நாலு போத்தல், மேலே ஒரு அட்டையில்: பனம்பாகு, சீனி சேர்க்காதது, இறுகாதது.