சித்து

மனிதரால் ஆகாது என்று நினைப்பதைச் செய்துகாட்டும் ஆற்றலுக்குச் சித்து என்று பெயர். கைகூடுதல், நிறைவேறுதல் என்று பொருள்படும் ‘சித்தி’ என்ற வடசொல்லோடு உறவுடையது இது. சித்து கைவந்தவர் சித்தர். சித்தத்தை வென்றவரே சித்தர் என்று பொருள் கொள்வோரும் உண்டு. இலங்கைத் தமிழர் பரீட்சையில் தேறுவதையும் ‘சித்தியடைதல்’ என்பார்கள். தமிழ்நாட்டில் துறவி உடலை விட்டால் அதே சொல்லைச் சொல்வார்கள். எடுத்த காரியம் முடிந்தது என்ற அடிப்பொருள் இரண்டிலும் இருக்கிறது.

யோக நூல்கள் சித்திகளை எட்டாகச் சொல்கின்றன. அணுவாய்ச் சிறுத்தல் அணிமா, மலையாய்ப் பெருத்தல் மகிமா. இப்படிப் போய் யாவரையும் வசப்படுத்தும் வசித்துவத்தில் முடியும். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டமாசித்தியை விரிவாகவே பேசுகிறார். இத்தனை வல்லமை பெற்றவர் இறைவனை நெருங்கிவிட்டாரா என்பதுதான் கேள்வி. உலகத்தார் பார்வைக்கு இவை சித்திகள், சமாதிக்கோ இடையூறுகள் என்கிறது பதஞ்சலியின் யோகசூத்திரம். தாயுமானவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். நீர்மேல் நடப்பது போன்ற அரிய செயல்களை அடுக்கிவிட்டு, மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதையே எல்லாவற்றிலும் அரிய திறமாக வைக்கிறார். வித்தையைவிட வித்தைக்காரனின் மனநிலையை எடைபோடும் இந்த அளவுகோலே சரியானது.

அந்த அளவுகோலை வைத்துப் பார்க்கக் குற்றாலத்துத் தலக்கதை ஒன்று இருக்கிறது. சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயில் முன்பு திருமால் கோயிலாக இருந்ததாம். சைவரான அகத்தியரை உள்ளே விடவில்லை. அவர் இலஞ்சிக் குமாரராகிய முருகனை வணங்கி, வைணவ அடியார் வேடத்தில் நுழைந்து, திருமாலின் தலையில் கைவைத்து அழுத்தினார். நெடிய திருமேனி குறுகி இலிங்கமாயிற்று. விரல்கள் பதிந்த தடம் இலிங்கத்தின் மேல் இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த அழுத்தத்தால் இறைவனுக்குத் தலைவலி வந்தது என்பதும் கதைதான். அது தணிய மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள்.

இதைச் சமயப் போட்டியின் கதையாக மட்டும் படித்தால் பாதி நழுவிவிடும். சித்து தெய்வத்தின் உருவையே மாற்றுகிறது; கூடவே ஒரு வலியையும் உண்டாக்குகிறது. அதை ஆற்றுவது இன்னொரு சித்து அல்ல, பச்சிலையும் எண்ணெயும்தான். சித்த மருத்துவ மரபு தன் முதல் ஆசானாகப் போற்றுவதும் இதே அகத்தியரைத்தான். பொதிகை மலை அவர் இருப்பிடம் என்பது இந்த வட்டாரத்தின் நம்பிக்கை.

குற்றாலம் இருக்கும் தென்காசிச் சீமையில் சித்தர் என்ற சொல் மாயம் காட்டுபவரைவிட மலைமருந்து அறிந்தவரை நினைவூட்டுவது இதனால்தான். 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியபின், அந்தப் பொருளுக்குப் பட்டப்படிப்பும் சேர்ந்துகொண்டது.