வாத்துக்குச் சாத்வீகம் கற்பிக்கலாமா?

கடிக்கிற பிராணியைக் கடிக்காதபடி பழக்கிவிட்டால், அது நல்ல பிராணியாகிவிட்டது என்று சொல்லலாமா? நற்குணம் என்பது உள்ளே ஊறி வருவதா, வெளியிலிருந்து ஏற்றி வைக்கக் கூடியதா? மனிதனை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டால் ஆளுக்கொரு கட்சி கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். ஆகையால் வாத்தை வைத்துக் கேட்கிறேன். வாத்து சண்டைக்கு வராது என்று அர்த்தமில்லை. நன்றாகவே வரும், அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

வயல்களில் மந்தை மந்தையாக ஓட்டிக்கொண்டு போவார்களே, அந்தச் சாதுவான சின்ன வாத்து அல்ல நான் சொல்வது. ‘கூஸ் வாத்து’ என்று விற்கிறார்களே, நீண்ட கழுத்தும் கனத்த உடம்புமாக, அந்தப் பெரிய ஜாதி. தோட்டம் துரவு உள்ளவர்கள் சிலர் நாய்க்குப் பதிலாக இதை வளர்க்கிறார்கள். கேட்டைத் திறந்தால் போதும், கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டி, பாம்பு மாதிரி சீறிக்கொண்டு ஓடி வரும். கி.மு. 390-ஐ ஒட்டி ரோமாபுரியைச் சூழ்ந்துகொண்ட கால் இனத்தார் ஓர் இரவு ஓசைப்படாமல் கோட்டைக் குன்றின்மேல் ஏறினார்கள் என்றும், நாய்கள் சும்மா இருந்துவிட, ஜூனோ தேவியின் கோயில் வாத்துகள்தான் கத்தி ஊரைக் காப்பாற்றின என்றும் பழைய கதை ஒன்று உண்டு. நம் கவிகளோ இந்த ஜாதிக்கு வேறு உத்தியோகம் கொடுத்தார்கள். வடமொழி நூல்கள் புகழும் ஹம்ஸம் இந்தப் பெரிய வாத்து ஜாதிதான் என்று வாதாடி, வோகல் என்ற டச்சு அறிஞர் எழுதிய ஒரு புத்தகமே அவர் மறைவுக்குப் பின் 1962-ல் வெளிவந்தது. அப்படியானால் நளனுக்காகத் தமயந்தியிடம் தூது போன அன்னமும் இதுவே. எனக்கு ஆட்சேபமில்லை. இது நடந்து போகிற தோரணையைப் பார்த்தவர்கள் அன்னநடை என்ற உவமையை மறுக்க மாட்டார்கள். தூது விஷயத்தில்தான் சந்தேகம். தமயந்தியின் தோழிகளில் இரண்டு பேரையாவது கொத்தாமல் அது திரும்பியிருக்காது.

வளர்ப்பவர்களின் கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. குஞ்சாக வாங்கி வந்த வாத்து மஞ்சள் பஞ்சுருண்டையாகக் காலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டார் அதை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். ஒன்றிரண்டு வருஷம் போகிறது. முட்டையிடும் பருவம் வந்ததும் ஆண் வாத்துக்குச் சன்னதம் வந்துவிடுகிறது. கோழியின் முதுகு இறகைப் பிடித்து இழுக்கிறது. சின்ன வாத்துகளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அண்டவிடுவதில்லை. தீனி போட்ட கையையே கொத்துகிறது. ‘எவ்வளவு ஆசையாய் வளர்த்தோம், நன்றி கெட்ட ஜன்மம்!’ என்று மனம் நொந்துகொள்கிறார்கள். பிறகு யாராவது ஒருவர் கம்பை எடுக்கிறார்.

நன்றி கெட்டதனம்தானா அது?

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில், டான்யூப் நதிக்கரையில், ஆல்டன்பர்க் என்று ஓர் ஊர். அங்கே கான்ராட் லோரன்ஸ் என்ற சிறுவன், காட்டு வாத்துகளோடு பறந்து போன நீல்ஸ் என்ற பையனின் கதையைக் கேட்டுவிட்டு — ஸெல்மா லாகர்லாவ் அம்மையார் எழுதியது — தானும் ஒரு வாத்தாகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான். அது நடக்காது என்று தெரிந்ததும் ஒரு காட்டு வாத்தாவது வேண்டும் என்றான். அதுவும் நடக்கவில்லை. கடைசியில் பிறந்து ஒரு நாளான சின்ன வாத்துக் குஞ்சு ஒன்று அண்டை வீட்டிலிருந்து கிடைத்தது. அது அவனையே தாயாகப் பாவித்து அவன் பின்னால் நடந்தது. அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் அவர் வாத்துகளின் பின்னால் நடந்தார். 1973-ல், வேறு இரு விஞ்ஞானிகளோடு சேர்த்து, அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய மார்ட்டினா உலகப் பிரசித்தம். சாம்பல் நிறக் காட்டு வாத்தின் குஞ்சு அது. முட்டையிலிருந்து வெளிவந்ததும் லோரன்ஸின் முகத்தைப் பார்த்தது. அவர் குரல் கொடுத்தார். பதில் குரல் கொடுத்தது. அவ்வளவுதான், பந்தம் முடிச்சுப் போட்டாகிவிட்டது. அவர் அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு வீட்டு வாத்தின் சிறகுக்கடியில் வைத்தார். குஞ்சு அங்கே தரிக்கவில்லை. வெளியே வந்து, அழுதுகொண்டே அவரைத் தேடி ஓடி வந்தது. அப்புறம் இரவிலும் அவர் படுக்கையறையில்தான் வாசம். தூக்கத்தில் விழித்து ‘இருக்கிறாயா?’ என்கிற மாதிரி ஒரு குரல் கொடுக்கும். அவர் தூக்கத்திலேயே வாத்து பாஷையில் பதில் சொல்ல வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டுத் தாய்மார்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

ஆக, யார் தன்னவர் என்பதை வாத்து ரத்தத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பிறந்த ஓரிரு நாளில் எதிரே யார் நின்று குரல் கொடுத்தார்களோ, அவர்கள்தான் தன்னவர். பிறகு அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது. தனியாக மனிதர் கையில் வளர்ந்த ஆண் குஞ்சு, மனிதர்களைத் தன் ஜாதியாகவே எண்ணி வளர்கிறது. ஜாதி ஒன்றானால் உறவு மட்டுமா, போட்டியும் உண்டல்லவா? பருவம் வந்ததும் வேறோர் ஆண் வாத்தோடு போட வேண்டிய சண்டையை அது நம்மோடு போடுகிறது. தீனி போட்ட கையைக் கொத்துவது நன்றியில்லாமையால் அல்ல. நம்மைச் சரிசமமாக மதித்துவிட்டதால். இந்த மரியாதையை முழங்காலில் வாங்கிக்கொண்டவர்களுக்கு அது ஆறுதலாக இருக்காதுதான்.

வாத்துகளின் குடும்ப வாழ்க்கையில் இன்னொரு விசித்திரம் உண்டு. அந்நியன் ஒருவன் நெருங்கினால் ஆண் வாத்து அவன்மேல் பாய்கிறது. அவனைத் துரத்திவிட்டு, நீட்டிய கழுத்தோடு, உரக்கக் கூவிக்கொண்டே பெட்டையிடம் ஓடி வருகிறது. பெட்டையும் கழுத்தை நீட்டிச் சேர்ந்து கூவுகிறது, குஞ்சுகளும் கலந்துகொள்கின்றன. எதிரியை நோக்கி நீட்டிய அதே கழுத்துதான். ஆனால் இங்கே அது பெட்டையின்மேல் படாமல் பக்கவாட்டில் விலகிப் போகிறது. இந்த வெற்றிக் கூவல்தான் வாத்துக் குடும்பத்தைக் கட்டி வைத்திருக்கும் கயிறு என்கிறார் லோரன்ஸ், ஆக்கிரமிப்புக் குணத்தைப் பற்றி 1963-ல் வெளியிட்ட நூலில். அதோடு நிற்கவில்லை. பகை இருந்தும் சினேகம் இல்லாத ஜீவன்கள் உண்டு, ஆனால் பகைக்கு இடமே இல்லாத ஜீவன்களிடம் ஒருவரையொருவர் அறிந்து நேசிக்கும் சினேகம் கிடையாது என்கிறார்.

படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. பக்கத்து வீட்டாரோடு வேலித் தகராறு முற்றிய அன்று மட்டும் அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாக உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பங்களை நான் அறிவேன். கதை எழுதுகிறவனுக்கு அப்படிப்பட்ட குடும்பங்கள் மிகவும் பிரயோஜனப்படுகின்றன. ஆனால் அன்புக்கே அதுதான் அஸ்திவாரம் என்றால், அந்நியன் ஒருவன் எப்போதும் வாசலில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனைச் சிருஷ்டித்துக்கொள்ள வேண்டும்.

அப்படிச் சிருஷ்டித்துக்கொண்ட ஒரு பெருங்கூட்டத்தில் லோரன்ஸே போய்ச் சேர்ந்தார். ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கிய 1938-ல் அவர் நாஜிக் கட்சியில் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தார். 1940-ல் எழுதிய ஒரு கட்டுரையில், வீட்டு மிருகங்கள் காட்டு மிருகங்களைவிடத் தரம் தாழ்ந்துவிடுவதுபோல் நாகரிக வாழ்வில் மனிதரும் தாழ்கிறார்கள் என்றும், தாழ்ந்தவர்களைக் களைந்தெறிய வேண்டும் என்றும் அந்த ஆட்சியின் காதுக்கு இனிக்கும் வார்த்தைகளில் எழுதினார். பிற்காலத்தில் அந்த எழுத்துக்காக வருத்தம் தெரிவித்தார். என்றாலும், அவர் இறந்து வெகுகாலத்துக்குப் பின், 2015-ல், ஸால்ஸ்பர்க் பல்கலைக்கழகம் தான் அளித்திருந்த கௌரவ டாக்டர் பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாத்துகளைப் பார்த்துப் பார்த்து அவர் அப்படி ஆனார் என்று நான் சொல்லவில்லை. வாத்துகள்மேல் அவ்வளவு பெரிய பழியைப் போடக்கூடாது. தன்னவன், அந்நியன் என்கிற கோடு எவ்வளவு தற்செயலாக விழுகிறது என்பதை ஒரு குஞ்சின் முகத்தில் நேராகப் பார்த்தவர் அவர். அதே கோட்டை மனிதர்களுக்கு நடுவே யாரோ கிழித்தபோது, அது இயற்கையின் சட்டம் என்று நம்பிவிட்டாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆனால் 1963-ல் வந்த அதே நூலில் இன்னொரு சம்பவமும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மார்ட்டினா குஞ்சாயிருந்தபோது முதன்முதலில் வீட்டுக்குள் நுழைந்ததும் பயந்துபோய், வெளிச்சம் தெரிந்த ஜன்னலண்டை ஓடிற்று. கொஞ்சம் நின்று, அப்புறம் அவர் பின்னால் மாடிப்படி ஏறிற்று. அன்று முதல் தினமும் மாலையில் ஜன்னல் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் படியேறும். நாளடைவில் சுற்று குறுகியது. வழக்கம் மட்டும் விடவில்லை. ஒரு நாள் அவர் அதை உள்ளே விட மறந்து, நன்றாக இருட்டிய பிறகு கதவைத் திறந்தார். அவசரத்தில் மார்ட்டினா ஜன்னலை மறந்து நேரே படியேறிவிட்டது. ஐந்தாவது படியில் திடுக்கிட்டு நின்றது. கழுத்தை நிமிர்த்தி, சிறகை விரித்து, அபாயக் குரல் கொடுத்தது. மடமடவென்று இறங்கி ஜன்னலண்டை போய்த் திரும்பி வந்து, மறுபடி அதே ஐந்தாவது படியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தது. உடம்பை ஒரு தரம் உதறிக்கொண்டு, நிம்மதியாக வணக்கக் குரல் கொடுத்தது.

இந்த வாத்துக்குள் பகையும் இல்லை, வெற்றிக் கூவலும் இல்லை. வழக்கம் ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் நம் ஆசாரங்களுக்குக் கொஞ்சமும் குறையாத பிடிப்போடு இருக்கிறது.

எங்கள் தெருக்கோடியில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஜோடி கூஸ் வாத்தும் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழியும் வளர்க்கிறார். அவை ஒரே கொல்லையில் மேய்கின்றன. லோரன்ஸ் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டேன்.

“சாதிக்கிறதுக்கு என்ன சார் இருக்கு? குஞ்சு வாங்கறப்பவே ரெண்டா வாங்கணும். ஒத்தையா வாங்கினா நம்ம தலையிலே ஏறிடும்” என்றார்.

கோழிக்குஞ்சுகளையும் வாத்துக்குஞ்சுகளையும் முதல் நாட்களிலேயே அடுத்தடுத்து, ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்கும்படி வளர்த்திருக்கிறார். வாத்து தண்ணீரைச் சிந்தி இடத்தை ஈரமாக்கும், கோழிக்கு ஈரம் ஆகாது என்பதால் நடுவே ஒரு தட்டி. பிற்பாடு புதுக்கோழிகள் வாங்கியபோது, அவற்றை இரண்டு வாரம் கம்பி வலைக்கு அப்பால் வைத்திருந்து, ஒன்றையொன்று பார்த்துச் சலித்துப்போன பிறகே ஒன்றாக விட்டார். ‘சலித்துப்போன பிறகு’ என்பது அவருடைய வார்த்தை. எனக்கு மிகவும் பிடித்தது. தீனியை ஒரே இடத்தில் வைக்காமல் நாலு இடத்தில் வைக்கிறார். எந்த வாத்தாலும் நாலு தட்டுக்குக் காவல் இருக்க முடியாது. இரவில் கோழிகளுக்கு உயரத்தில் கழி, வாத்துகளுக்குத் தரையில் வைக்கோல். காலையில் கோழிகளை முதலில் திறந்துவிட்டு, அவை வெளியே பரவிய பின் வாத்துகளைத் திறக்கிறார். முட்டைப் பருவத்தில் மட்டும் வாத்துகளைத் தனியாக அடைத்து மேயவிடுகிறார். ‘அது பாவம், அந்த நேரத்திலே அதுக்கே தெரியாது’ என்பார்.

கம்பைப் பற்றி அவருக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு. “அடிச்சா அடங்கும் சார். கம்பு இருக்கிறவனுக்கு அடங்கும். கம்பு இல்லாத குழந்தையைக் கொத்தும்.” ஆண் வாத்து சீறி வந்தால் அவர் ஓடுவதுமில்லை, உதைப்பதுமில்லை. நிதானமாக எதிரே நடக்கிறார்; மிஞ்சினால், சிறகை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அது அமைதியாகும்வரை தோட்ட வேலையைப் பார்க்கிறார்.

அந்த வாத்து கோழிகளை நேசிக்கிறதா என்று நான் கவனித்துப் பார்த்தேன். இல்லை. அதன் வெற்றிக் கூவல் பெட்டை ஒன்றுக்குத்தான். கோழி பக்கத்தில் வந்தால் தலையைக்கூடத் திருப்புவதில்லை. தன்னவரும் அல்ல, அந்நியரும் அல்ல என்ற மூன்றாவது ஓர் இடத்தில் அது கோழிகளை வைத்திருக்கிறது. லோரன்ஸின் கணக்கில் இந்த இடத்துக்குப் பெருமை ஒன்றும் இல்லை. நம் சமய நூல்களும் எல்லா உயிரையும் நேசி என்றுதான் சொல்கின்றன. சும்மா இரு, கூட மேய் என்று சொல்வதில்லை. என்னைக் கேட்டால், ஊரில் நடக்கும் அக்கிரமங்களில் பெரும்பாலானவை அன்பு போதாமல் நடப்பவையல்ல. தன்னவர்மேல் வைத்த அளவு கடந்த அன்பினால் நடப்பவை. அந்த மூன்றாவது இடத்தில் நாலு பேரைக் கூடுதலாக வைக்கத் தெரிந்தவனை நான் சாத்வீகன் என்று ஒப்புக்கொள்வேன். அது அவன் உள்ளத்தில் ஊறி வந்ததா, கம்பி வலைக்கு அப்பாலிருந்து பார்த்துப் பார்த்துச் சலித்து வந்ததா என்று தோண்டிக் கேட்க மாட்டேன்.

போன மாதம் அவர் வெளியூர் போயிருந்தார். மருமகளுக்கு வரிசை தெரியாது. வாத்துகளின் கதவை முதலில் திறந்துவிட்டாள். நான் வேலிக்கு இப்பால் நின்றுகொண்டிருந்தேன். ஆண் வாத்து வாசற்படிவரை வந்து நின்றது. கழுத்தை நிமிர்த்திக் கொல்லையை இப்படியும் அப்படியும் பார்த்தது. வெளியே வரவில்லை, பின்னால் வந்த பெட்டையும் நின்றுவிட்டது. மருமகள் கையைத் தட்டி விரட்டிப் பார்த்தாள். பிறகு அலுத்துக்கொண்டு கோழிக்கூட்டைத் திறந்தாள். கோழிகள் சிறகடித்துக்கொண்டு ஓடி, குப்பைமேட்டில் பரவின. அதற்குப் பிறகே வாத்து உடம்பை ஒரு தரம் உதறிக்கொண்டு படியிறங்கியது. கோழிகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.