ரசபாளே கேட்கும் விலை

நஞ்சன்கூடு என்றதும் பக்தர்களுக்கு ஸ்ரீகண்டேஸ்வரர் கோவில் நினைவுக்கு வரும். முந்தைய தலைமுறைக்குப் பல்பொடி. சாப்பாட்டுப் பிரியர்களுக்கு ரசபாளே. நம் ரஸ்தாளி வகையைச் சேர்ந்த வாழைதான். ஆனால் கபினிக் கரையோரத்து மண்ணில் விளையும்போது அதற்கு ஒரு தனி மணமும் இனிப்பும் வந்துவிடுகின்றன. புவிசார் குறியீடும் பெற்ற பழம். இருந்தும், மைசூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லாத அந்த ஊரின் கடைவீதியிலேயே அதைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி வெளியூர் ரஸ்தாளியைத் தலையில் கட்டுவதும் உண்டு. பச்சை வாழைப்பழமோ குவியல் குவியலாகக் கிடைக்கிறது.

ரசபாளேயை முதலில் வீழ்த்தியது பனாமா வாடல் நோய். மண்ணில் வாழும் பூஞ்சை வேர் வழியே ஏறி, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடும். இலை மஞ்சளித்துத் தொங்கும். மருந்தடித்து மீட்க வழியில்லை. பூஞ்சை பல ஆண்டுகள் மண்ணிலேயே தங்கியும் விடும். இரண்டாவது அடி, கணக்குப் புத்தகத்திலிருந்து விழுந்தது. ரஸ்தாளி வகை சுமார் பன்னிரண்டிலிருந்து பதினைந்து கிலோ தார் தரும். திசு வளர்ப்பில் வரும் ஜி-9 வாழையோ அதைப்போல் இரண்டு மடங்கு தரும்; அறுவடைக்கும் சீக்கிரம் வரும். பழுத்த ரஸ்தாளி காம்பிலிருந்து உதிர்ந்துவிடும், தூரம் போகாது. ஜி-9 லாரியில் எங்கும் போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் விலை கேட்கும் சந்தையில், எந்த விவசாயி ரசபாளேயை வைத்துக்கொண்டு போராடுவார்?

இது நஞ்சன்கூட்டுக் கதை மட்டும் அல்ல. உலகச் சந்தையை ஆண்டுகொண்டிருந்த கிரோ மிஷேல் வாழையை இதே நோய்தான் 1950களில் ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து துடைத்தது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் (ஜி-9உம் இந்த இனம்தான்) சுவையில் ஒரு படி குறைவு என்று பழையதை ருசித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அது நோயைத் தாங்கியது, விளைச்சலும் கொட்டியது. உலகச் சந்தையே அந்த ஒரே வகையில் சாய்ந்து நின்றது. இப்போது புதிய வாடல் பூஞ்சை அதையும் தாக்குகிறது. 2019இல் கொலம்பியாவரை எட்டிவிட்டது. அளவை நம்பிச் செய்த ஏற்பாட்டுக்கும் ஆயுள் உண்டு.

நல்ல பொருள் நம்மிடம் கேட்பது பணத்தை மட்டும் அல்ல என்பதைத்தான் இந்தப் பழம் எனக்கு உணர்த்துகிறது. ரசபாளேக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தால் போதாது. கிடைக்கிற நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். நசுங்காமல் வீடு கொண்டுவர வேண்டும். பழுத்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். காத்திருப்பும் கவனிப்பும் விலையில் பாதி. மலிவுப் பொருள் இந்த இரண்டிலிருந்தும் நம்மை விடுவிப்பதாக ஆசை காட்டுகிறது. அதன் உண்மையான கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

சமையலறையைப் பாருங்கள். இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும், ஈரம் படாமல் வைக்க வேண்டும். அதைச் செய்யச் சோம்பல்பட்டு நான்ஸ்டிக் கல் வாங்குகிறோம். பூச்சு உரிந்ததும் இன்னொன்று. பழகிய இரும்புக்கல்லோ மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போகிறது. மைசூர்ப் பட்டும் அப்படித்தான். 1912இல் தொடங்கிய அரசுப் பட்டு ஆலையின் சேலைகள் இன்றும் அசல் சரிகையோடு வருகின்றன. அதை நிழலில் உலர்த்தி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வைத்தால் பெண்ணின் கல்யாணத்துக்கும் உடுத்தலாம். விசேஷத்துக்கு ஒன்றாக வாங்கிக் குவித்த சேலைகள் பீரோவை அடைக்கின்றன. அவற்றில் எதைக் கட்டுவது என்ற குழப்பம் மட்டும் தீர்வதில்லை.

ஆனால் இதைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் கூச வேண்டும். நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவரிடம் "மலிவுச் செருப்பு வாங்காதே, நல்லதாக ஒன்று வாங்கு" என்று உபதேசிப்பது அநியாயம். கையில் இருநூறு ரூபாய் இருப்பவர் இருநூறு ரூபாய்ச் செருப்பைத்தான் வாங்க முடியும். அது மூன்று மாதத்தில் அறுந்தால் மறுபடியும் இருநூறு. ஆண்டு முடிவில் நம்மைவிட அவரே செருப்புக்கு அதிகம் செலவழித்திருப்பார். ஏழ்மையின் கொடுமைகளில் இதுவும் ஒன்று. தரம் பார்த்து வாங்கச் சொல்லும் பேச்சு, தேவைக்கு மேல் வாங்கிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. தரம் என்றால் விலை உயர்ந்தது என்று பொருள் அல்ல. பி.வி. பண்டிட் 1913இல் நஞ்சன்கூட்டில் தொடங்கிய சத்வைத்யசாலையின் பல்பொடி ஏழை பணக்காரர் என்று பாராமல் எல்லா வீட்டு மாடத்திலும் இருந்தது. ரசபாளேயும் பூஜைத் தட்டில் வைக்கிற, இலையில் போடுகிற சாதாரணப் பழமாக வாழ்ந்ததுதான். பெயர் பொறித்த சட்டைக்கு மூன்று மடங்கு கொடுப்பது தரத்துக்கான செலவு அல்ல. அடுத்தவர் கண்ணுக்கான செலவு.

அதனால் வாங்குமுன் நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். இது பழுதானால் பழுது பார்க்க ஆள் உண்டா? இதைப் பராமரிக்க எனக்கு மனம் உண்டா? ஒரு மாதம் பொறுத்தாலும் இது வேண்டும் என்று தோன்றுமா? மூன்றாவது கேள்வியிலேயே பாதிப் பொருள்கள் கழன்றுவிடுகின்றன. மிச்சமாகும் பணம், உண்மையிலேயே வேண்டிய ஒன்றை நல்லதாக வாங்கப் போதுமானதாக இருக்கிறது. மாதச் செலவு கூடுவதில்லை. வீட்டில் சாமான்தான் குறைகிறது.

நம் ஒவ்வொருவரின் பையும் சந்தைக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. நிறைய வேண்டும் என்று கேட்டால் நிறைய வரும். நல்லது வேண்டும் என்று கேட்பவர் இல்லாவிட்டால் அதை விளைவிப்பவரும் இருக்கமாட்டார். நோயோடு போராடி இன்னும் ரசபாளே பயிரிடும் சில விவசாயிகள் நஞ்சன்கூட்டுப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் தோட்டத்துப் பழம் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்குங்கள். அரை டஜன் போதும்.