பெருவிரல் அடையாளம்

சென்ற மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, பாரிசின் வடக்குப் புறநகரில் வசிக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரது பதினேழு வயது மகள் சாப்பாட்டு மேசையில் வெள்ளைப் பருத்தித் துணியொன்றை விரித்து நூலோடிக்கொண்டிருந்தாள். "பிள்ளை என்ன படிக்குது?" என்று கேட்டேன். "பஷன் டிசைனிங் படிக்கிறா" என்றார் நண்பர். மகள் தலை நிமிராமலே, "இல்லை மாமா, நான் தையல் பழகுறன். டிசைனிங் பிறகுதான்" என்றாள். நண்பரின் முகம் சற்றுச் சுருங்கியது. "எல்லாம் ஒண்டுதானே" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

குசினிக்குள் நின்ற அவரது மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக அதே வீட்டின் ஒரு மூலையில் இருந்து, எம்மவர் கலியாணங்களுக்குச் சாறிச் சட்டை தைத்துக் கொடுப்பவர் அவர். அந்தக் காசும் சேர்ந்துதான் அந்த வீட்டின் கடன் கட்டப்பட்டது.

எல்லாம் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால் ஒரு சொல்லுக்கு ஏன் வெட்கப்படுகிறோம், மற்றச் சொல்லுக்கு ஏன் பெருமைப்படுகிறோம்? ஒன்றல்ல என்றால் ஒரு சட்டையைச் 'செய்தவர்' யார்? வரைந்தவரா, தைத்தவரா? திரும்பி வரும்போது ரயிலில் இந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது.

ஊரில் தையல் என்றால் என்னவென்று எம்மில் பலருக்கு நினைவிருக்கும். படிப்புச் சரிவராத பெண்பிள்ளைகள் 'தையலுக்குப் போவார்கள்'. மாதர் சங்கத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ வகுப்பு நடக்கும். கடதாசியில் அளவு கீறி வெட்டிய குழந்தைச் சட்டைகளைக் கொப்பியில் ஒட்டி, வருட முடிவில் கண்காட்சி வைப்பார்கள். பரீட்சைக்கும் கலியாணத்துக்கும் இடைப்பட்ட காத்திருப்புக்கு நாம் வைத்த பெயர் தையல். நன்றாகத் தைக்கத் தெரிந்தவளைக் 'கைராசிக்காரி' என்று புகழ்ந்தோம். அவளுடைய அறிவைப் பற்றி எவரும் பேசியதில்லை.

போரில் கணவரை இழந்த பெண்களுக்கு உதவி என்று வந்தபோதும் முதலில் எமது நினைவுக்கு வந்தது தையல் மெசின்தான். நாமும் இங்கிருந்து காசு சேர்த்து அனுப்பினோம். ஒரே கிராமத்தில் பத்துப் பேருக்கு மெசின் கொடுத்தால் சட்டை தைக்கக் கொடுப்பவர் யார் என்று கேட்கவில்லை. பெண்ணென்றால் தைப்பாள், தைப்பதற்கு யோசனை தேவையில்லை என்ற எண்ணம் அந்தத் தருமத்துக்குள்ளும் இருந்தது. தெற்கிலும் இதே கதைதான். 1978 இல் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பின்னர், அங்கு வேலைக்கு வந்த கிராமத்துச் சிங்களப் பெண்களை மெசினின் பெயராலேயே 'ஜூகிப் பெட்டைகள்' என்று இழிவாக அழைத்தார்கள். ஆளுக்குப் பெயரில்லை; மெசினுக்குப் பெயர் இருந்தது. 2009 க்குப் பின்னர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தபோது, அந்த மெசின்களின் முன்னால் எமது பிள்ளைகளும் போய் இருந்தார்கள்.

ஆகவே நண்பரின் வெட்கம் அவர் தனியாகக் கண்டுபிடித்ததல்ல. ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த பொதியில் அதுவும் இருந்தது. ஆனால் அவர் வந்து சேர்ந்த பாரிஸ் நகரமும் அதே வெட்கத்தை இன்னும் அழகாக உடுத்தி வைத்திருக்கிறது என்பதுதான் விசித்திரம்.

1858 இல் சாள்ஸ் பிரெடெரிக் வேர்த் என்ற ஆங்கிலேயர் பாரிசில் தனது ஆடையகத்தைத் திறந்தார். அதுவரை சீமாட்டிகள் தாம் விரும்பியதைச் சொல்வார்கள், தையற்காரி தைத்துக் கொடுப்பாள். வேர்த் அதைத் தலைகீழாக்கினார். என்ன உடுப்பது என்று அவர் சொன்னார், சீமாட்டிகள் கேட்டார்கள். ஓவியன் படத்தில் கையெழுத்திடுவதுபோல ஆடையின் உள்ளே தன் பெயர் பொறித்த நாடாவைத் தைத்தார். உண்மையில் அதைத் தைத்தது அவரது பணிமனையில் இருந்த ஏதோவொரு பெண்ணாகத்தான் இருக்கும். இன்றும் பாரிசின் உயர் ஆடைப் பணிமனைகளில் தைப்பவர்களுக்குச் 'சின்னக் கைகள்' என்றுதான் பெயர். பாசத்தோடு சொல்லப்படும் சொல்தான். ஆனாலும் ஒரு மனிதரை அவரது ஓர் உறுப்பால் அழைக்கும் பாசம் அது.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. பிரெஞ்சு அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் தான் காக்கும் படைப்புகளை வரிசைப்படுத்தும்போது, புத்தகம், இசை, ஓவியம் ஆகியவற்றோடு ஆடை அலங்காரத் தொழிலின் படைப்புகளையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு சட்டையின் வடிவம் கவிதையைப்போல ஒருவருக்கு உரித்தாகலாம். அந்த ஒருவர் வடிவத்தைச் சிந்தித்தவர். அதைத் துணியில் நிற்கவைத்தவருக்குச் சம்பளம் உண்டு, உரிமை இல்லை.

இதை நியாயப்படுத்துவோர் சொல்வது இதுதான்: சிந்தனை ஒருமுறை நிகழ்வது, கை அதைத் திருப்பிச் செய்வது, ஆகவே சிந்தித்தவரே படைத்தவர். எம்மில் இடதுசாரி வாசிப்புள்ளவர்கள் 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் தொகுதியில் மார்க்ஸ் சொன்ன உவமையைக்கூட இதற்குத் துணைக்கு அழைக்கலாம். மிக மோசமான கட்டடக் கலைஞனும் மிகச் சிறந்த தேனீயைவிட ஒரு விடயத்தில் உயர்ந்தவன், ஏனெனில் கட்டுவதற்கு முன்னரே அவன் மனதில் கட்டிவிடுகிறான் என்பது அந்த உவமை. ஆனால் அதே இடத்தில் மார்க்ஸ் சிலந்தியையும் நெசவாளியையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார் என்பதை மறந்துவிடுகிறோம். முன்கூட்டியே மனதில் காணும் ஆற்றல் மேசைக்காரருக்கு மட்டும் உரியதென்று அவர் சொல்லவில்லை. அது மனித உழைப்பு முழுவதன் இயல்பு. தலையை ஓரிடத்திலும் கையை இன்னோரிடத்திலும் இருத்தியது பட்டறையின் வேலைப்பிரிவினை.

அன்று அந்தப் பிள்ளை செய்துகொண்டிருந்ததைத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மலிவான வெள்ளைத் துணியில் முதலில் ஒரு மாதிரிச் சட்டை தைத்து, அதைப் பொம்மை உடலில் போட்டு, எங்கே இழுக்கிறது, எங்கே சுருங்குகிறது என்று பார்த்து, பிரித்து மீண்டும் தைக்கிறார்கள். "படத்தில கை வடிவாத்தான் இருந்தது. தைச்சுப் போட்டா கையைத் தூக்க ஏலாது" என்று சிரித்தாள். தாளில் கீறியவருக்குத் தெரியாத ஒன்று தைத்தவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறிவை எங்கே சேர்ப்பது? தலையிலா, கையிலா?

இந்த நகரத்திலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. மடலேன் வியோனே (1876-1975) சிறுவயதிலேயே தையற்கடையில் பழகுநராகச் சேர்ந்தவர். 1912 இல் சொந்தமாக ஆடையகம் தொடங்கினார். அவர் தாளில் வரைந்து வடிவமைப்பவரல்ல. சிறிய மரப்பொம்மையொன்றில் துணியைச் சுற்றி, ஊசி குத்தி, வெட்டித்தான் சிந்தித்தார். துணியைக் குறுக்காக வெட்டினால் அது உடலோடு ஒட்டி வழியும் என்பதை அவர் பயன்படுத்திய விதம் இருபதாம் நூற்றாண்டின் பெண்ணுடையையே மாற்றியது. சம்பளத்துடனான விடுமுறையைப் பிரான்சின் சட்டம் 1936 இல்தான் எல்லாத் தொழிலாளருக்கும் தந்தது. வியோனே தன் பணியாளருக்கு அதற்கு முன்னரே அதைக் கொடுத்தார். உணவுச்சாலையும் மருத்துவ வசதியும் அவரது கட்டடத்துக்குள்ளேயே இருந்தன. பழகுநரின் வாங்கில் இருந்து எழுந்தவர் அந்த வாங்கை மறக்கவில்லை.

பிறர் தன் வடிவங்களைத் திருடுவதைத் தடுக்க, வியோனே 1920 களில் தனது ஆடைகளின் நாடாவில் கையெழுத்தோடு தன் பெருவிரல் அடையாளத்தையும் பதித்தார். படைப்புக்குச் சாட்சி விரல் என்று இந்த நகரத்தில் ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று அறிந்தபோது மகிழ்ந்தேன். பிறகு யோசித்தேன். அவரிடம் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தார்கள். நாடாவில் இருந்த விரல் ஒன்றுதான். நல்ல மனம் படைத்தவரின் கீழும் ஏனைய விரல்கள் பெயரற்றுத்தான் இருந்தன.

எமக்கு விரலடையாளம் வேறொன்றை நினைவூட்டும். ஊரில் கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிகள் உறுதியில் வைத்தது அது. இங்கே அகதி விண்ணப்பம் கொடுத்த நாளில் எமது பத்து விரல்களையும் பதிந்தார்கள். 2003 முதல் ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான பதிவகமே இதற்கு உண்டு. எமது விரல் எம்மைப் பிடிப்பதற்குப் பயன்பட்டது. எமது வேலைக்கு உரிமை கோர அது பயன்பட்டதில்லை. 2013 ஏப்ரல் 24 இல் டாக்கா அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டோர் மடிந்தபோது, எந்த நிறுவனங்களுக்காக அவர்கள் தைத்தார்கள் என்று காட்ட, இடிபாடுகளுக்குள் பெயர் நாடாக்களைத் தேடினார்கள். நாடாவில் இருந்தவை நிறுவனங்களின் பெயர்கள். இறந்தவர்களை உறவினர்கள் புகைப்படங்களோடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

இப்படியெல்லாம் எழுதுவதால் அந்தப் பிள்ளை டிசைனராக ஆசைப்படக்கூடாது என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். தையலின் மகிமையைப் பாடி, தைப்பவளை மெசினோடு கட்டிப்போடுவது இன்னொரு வகை ஏமாற்று. குலத்தொழிலின் சிறப்பைப் பேசியே மனிதரைப் பரம்பரையாக அதற்குள் வைத்திருந்த சமூகத்தில் இருந்து வந்த எமக்கு இது நன்றாகத் தெரியும். பெயர் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. வழிகளும் முன்னரைவிடச் சற்று அகலமாகியிருக்கின்றன. சேன் சென் டெனி மாவட்டத்தில் 2017 இல் தொடங்கிய 'காஸா 93' என்ற பள்ளி, சான்றிதழோ கட்டணமோ கேட்காமல் இளையோருக்கு ஆடை வடிவமைப்புக் கற்பித்தது. ஓபவில்லியே வாசலில் ஷனெல் நிறுவனம் கட்டிய '19எம்' மாளிகை 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான கைவினையாளர் அங்கே வேலை செய்கிறார்கள். எம்மவர் பஸ்சுக்குக் காத்துநிற்கும் தெருக்களுக்குப் பக்கத்தில்தான் அது இருக்கிறது. ஆனாலும் தையல் படிப்போரில் மிகச் சிலரின் பெயரே நாடாவில் ஏறும். ஏனையோர் தைப்பார்கள், வெட்டுவார்கள், திருத்துவார்கள். சிலரே வெல்லும் ஓட்டத்தில் வென்றவரின் பெருமையை மட்டும் பேசுவது, ஏனையோரின் வாழ்வைத் தோல்வி என்று சொல்வதற்குச் சமம்.

ஆக, மேலே போக விரும்புவது தவறென்று எனக்குப் படவில்லை. போகும்போது எதைக் கீழே விட்டுச் செல்கிறோம் என்பதில்தான் அறம் தங்கியிருக்கிறது. தைக்கத் தெரிந்த டிசைனருக்கு ஒரு கடன் உண்டு. ஒரு சட்டைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும், முதுகு எப்போது வலிக்கத் தொடங்கும் என்பது அவளுக்குத் தெரியும். தெரியாதவர் குறைந்த கூலி கொடுத்தால் அறியாமை என்று சொல்லித் தப்பலாம். அவளால் அப்படித் தப்பமுடியாது. அவள் இன்னொருத்தியின் கைக்கு முதன்முதலாகக் கூலி நிர்ணயிக்கும் நாளில்தான் அவளுடைய தையற்படிப்புக்கு உண்மையான பரீட்சை நடக்கும்.

விடைபெறும்போது அந்தத் தாயார் மகளின் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கக்கத்தில கொஞ்சம் விட்டுத் தை, அப்பதான் கை தூக்கலாம்" என்றார். மகள் பிரித்துத் தைக்கத் தொடங்கினாள்.

அவர் தைத்த சட்டைகளோடு எத்தனையோ கலியாணப் படங்கள் எமது அல்பங்களில் இருக்கின்றன. படமெடுத்தவரின் பெயர் மூலையில் இருக்கும். மண்டபத்தின் பெயர் அழைப்பிதழில் இருக்கும். அவரை நாம் 'சட்டை தைக்கிற அக்கா' என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். நண்பரின் வீட்டுக்கு எத்தனையோ தடவை போய் வந்த எனக்கும், அவருடைய பெயர் என்னவென்று அன்றைக்கு ரயிலில் இருந்து யோசித்தபோதுதான் தெரியாதென்று தெரிந்தது.