கொடுக்கும் கையும் கூடும் கைகளும்

ஆலயங்களில் மகோற்சவம் நிகழும் நாட்களில் மதியப் பூசை நிறைவுற்றதும் அன்னதான மண்டபத்திலே பந்தி அமர்கின்றது. வாழையிலையில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் பரிமாறப்படுகின்றன. உபயகாரரின் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகின்றது. அடியார்கள் உண்டு எழுந்து, உபயகாரரின் குடும்பத்தை வாழ்த்திச் செல்கின்றனர். இது ஈழத்துச் சைவக் கிராமங்கள் அனைத்திலும் காணப்படும் இனிய காட்சியாகும்.

எனினும் இந்த அன்னதானத்தைச் செய்தவர் யார் என்று கேட்டால் அதற்கு விடை கூறுவது அவ்வளவு எளிதன்று. அரிசி வாங்கப் பணம் கொடுத்தவர் ஒருவர். தோட்டத்து மரக்கறியைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கியவர் இன்னொருவர். விறகு கொத்தியவர்கள் சனசமூக நிலையத்து இளைஞர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வந்து காய் வெட்டியவர்கள் மாதர் சங்கத்துப் பெண்கள். எல்லோரும் வீடு திரும்பிய பின்னர் கிடாரத்தின் அடியில் ஒட்டிய சோற்றைச் சுரண்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தவர் ஒருவர் இருக்கின்றார். அவருடைய பெயர் ஒலிபெருக்கியில் வருவதில்லை. இவர்களுள் எவருடைய பங்கு பெரியது? பொருள் கொடுப்பது மேலானதா, உடலுழைப்புக் கொடுப்பது மேலானதா? கொடுப்பவர் பெரியவரா, கொடுக்கும் முறை பெரியதா? அறத்தை நாடும் எவரும் சிந்திக்க வேண்டிய வினாக்கள் இவை.

திருவள்ளுவர் அறத்துப்பாலிலே ஈகை என்னும் அதிகாரத்தை 23 ஆவதாக வைத்தார். அதற்கு முன்னர், 22 ஆவதாக, ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். ஈகை என்பது இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்ந்து, தன்னிடம் உள்ளதை ஊருக்குப் பயன்படும்படி வைத்திருப்பது. ஒப்புரவாளனின் செல்வத்துக்கு வள்ளுவர் கூறும் உவமைகள் மூன்று. ஊரார் நீர் உண்ணும் குளம், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் என்பனவே அவை. குளத்தில் நீர் மொள்ளுபவர் குளத்தின் முன்னே கைகட்டி நிற்பதில்லை. பழத்தைப் பறிப்பவர் மரத்துக்கு நன்றியுரை வாசிப்பதுமில்லை. கொடுப்பவர் உயர்ந்து, பெறுபவர் தாழ்ந்து நிற்கும் நிலை அங்கே இல்லை. ஒப்புரவை முதலில் அறிந்தவனே ஈகையைச் செம்மையாகச் செய்யக்கூடியவன் என்று இந்த அதிகார முறையிலிருந்து பொருள் கொள்வதில் தவறில்லை.

பொருளா உழைப்பா என்னும் வினாவுக்குப் பெரியபுராணத்திலே அரியதொரு விடை உண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அங்கே தங்கியிருந்தனர். அடியார்களுக்கு அமுதளிப்பதற்காக இறைவன் நாள்தோறும் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். நாவுக்கரசரின் மடத்தில் அமுது வேளைக்கு ஆயிற்று. சம்பந்தரின் மடத்தில் காலம் தாழ்த்தது. காரணம் வினவியபோது, நாவுக்கரசருக்குக் கிடைத்த காசு கடைவீதியில் உடனே மாறுகின்றது என்றும், சம்பந்தருக்குக் கிடைத்த காசுக்கு வட்டம் கேட்கின்றார்கள் என்றும் பரிசனத்தார் கூறினர். நாவுக்கரசர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்பவர். அதனாலேயே அவருக்கு வாசியில்லாத காசு கிடைத்தது என்பது சேக்கிழார் பெருமான் தரும் விளக்கம். ஞானப்பால் உண்ட பிள்ளைக்கும் பின்னர் இறைவனை வேண்டிய பிறகே வாசி தீர்ந்தது. கைத்தொண்டின் பெருமையை இதனினும் தெளிவாக எவ்வாறு உணர்த்த முடியும்? கிடாரம் கழுவுபவரின் காசுக்கு வட்டம் இல்லை.

ஆயினும் உழைப்பு மாத்திரம் போதும், பொருள் வேண்டாம் என்று இதற்குப் பொருளன்று. அரிசி இல்லாத கிடாரத்தைக் கழுவுவதால் எவர் பசியும் தீராது. இரண்டும் ஓரிடத்தில் கூட வேண்டும். 1876 ஆம், 1877 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் நேர்ந்த காலத்தில் ஆறுமுக நாவலர் நடத்திய கஞ்சித்தொட்டித் தருமம் அவ்வாறான கூட்டு முயற்சியேயாகும். நூல்களைப் பதிப்பிப்பதிலும் பாடசாலை நடத்துவதிலும் ஈடுபட்டிருந்த அப்பெரியார், பசித்தவர் முன்னே சமய உபதேசம் மட்டும் போதாது என்பதை உணர்ந்து, உள்ளவரிடம் பெற்று இல்லாதவருக்குக் கஞ்சி வார்க்க ஏற்பாடு செய்தார்.

பொருளும் உழைப்பும் கூடினால் மாத்திரம் போதுமா? மூன்றாவதாக ஒன்று வேண்டும். அதுவே ஊர் பற்றிய அறிவு. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வடக்கு கிழக்குக் கரையோரங்களை அழித்தபோது, வெளியிலிருந்து உதவி வந்து சேர்வதற்கு முன்னர் உலையேற்றியவர்கள் அயற்கிராமத்தவர்களே. ஆலயங்களும் பாடசாலைகளும் ஒரே நாளில் தங்குமிடங்களாயின. பின்னர் உலகமெங்கிருந்தும் பொருட்கள் வந்தன. அவற்றுள் உயிர்காத்தவையும் உண்டு. யாருக்கும் பொருந்தாத பழைய உடுப்புகளும் உண்டு. அனுப்பியவர்களின் மனம் நல்லது. ஆனால் என்ன வேண்டும் என்று கேட்பதற்கு அவர்களுக்கு அங்கே ஆள் இருக்கவில்லை.

இன்றும் இக்குறை தீர்ந்தபாடில்லை. தை மாதம் பிறந்ததும் வீதியோரத்துப் பாடசாலைக்குப் புத்தகப்பையும் அப்பியாசக் கொப்பியும் கொண்டு மூன்று சங்கங்கள் வருகின்றன. வாகனம் போகாத ஒழுங்கையின் முடிவில் உள்ள பாடசாலைக்கு ஒருவரும் வருவதில்லை. கொடை குறைந்ததால் வந்த குறை அன்று இது. ஒருவரோடொருவர் பேசாததால் வந்த குறை. எந்த வீட்டில் பிள்ளை பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டது என்பது ஆசிரியருக்குத் தெரியும். எந்தக் குடும்பத்தின் பெயர் உதவிப் பட்டியலில் தவறியது என்பது கிராம உத்தியோகத்தருக்குத் தெரியும். எந்த முதியவர் தனியே கிடக்கின்றார் என்பது மரண சகாய சங்கத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் தெரியும். எந்தக் கிணற்று நீரைக் குடிக்கக்கூடாது என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரியும். வெளிநாட்டில் வாழும் ஊரவரிடம் பணம் இருக்கின்றது. ஆலயத்திடம் மண்டபமும் மக்கள் நம்பிக்கையும் இருக்கின்றன. இவர்கள் அனைவரும் ஒரு பாயில் இருந்து பேசினால், இருக்கும் பொருளே போதும் என்னும் நிலை பல கிராமங்களில் உண்டாகும்.

இவ்வாறான கூட்டுறவுக்கு நல்ல எடுத்துக்காட்டு இரத்ததான முகாமாகும். ஆலயம் மண்டபத்தைக் கொடுக்கின்றது. விளையாட்டுக் கழகத்து இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று அறிவிக்கின்றனர். இரத்த வங்கி வைத்தியர்களையும் தாதியரையும் அனுப்புகின்றது. 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட, 50 கிலோவுக்குக் குறையாத நிறையுடைய ஆரோக்கியமான ஒருவர் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். 2014 ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் சேகரிக்கப்படும் இரத்தம் முழுவதும் பணம் பெறாத தொண்டர்கள் கொடுப்பதேயாகும். இங்கே கொடுப்பவர் பெறுபவரை அறியார். பெறுபவர் கொடுப்பவரை அறியார். ஏறுகின்ற இரத்தம் எந்தச் சாதியாருடையது, எந்தச் சமயத்தாருடையது என்று கேட்பாருமில்லை. ஒப்புரவின் தூய வடிவம் இதுவே.

இனி, கொடுக்கும் முறை பற்றிக் கூற வேண்டும். உதவி வழங்கும் நிகழ்வுகளில் நிழற்படம் எடுக்கும் வழக்கம் பெருகிவிட்டது. தலைவர் ஒரு பக்கமும் செயலாளர் மறுபக்கமும் நிற்க, நடுவிலே தந்தையை இழந்த ஒரு பிள்ளை புத்தகப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றது. அந்தப் படம் அன்று மாலையே கைத்தொலைபேசிகளில் உலகமெங்கும் செல்கின்றது. மறுநாள் அப்பிள்ளை வகுப்புக்குச் செல்லும்போது சக மாணவர் அதனைப் பார்த்திருப்பர். தாய் கிணற்றடிக்குச் செல்லும்போது அயலவர் பார்த்திருப்பர். பை ஒரு வருடத்தில் கிழிந்துவிடும். படம் கிழிவதில்லை. அப்படியாயின் அந்தக் குடும்பம் பெற்றது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு?

இதற்கு மறுமொழி கூறுவோரும் உளர். படம் இல்லாவிட்டால் பணம் அனுப்பியவர் நம்பமாட்டார் என்கின்றனர். ஒருவர் பெயரைக் கண்டு மற்றொருவர் கொடுக்க முன்வருவார் என்கின்றனர். இக்கூற்றுகளில் உண்மை இல்லாமல் இல்லை. பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டுவது கடமையாகும். ஆனால் கணக்குக்கு உரிய சாட்சி பற்றுச்சீட்டு, பிள்ளையின் முகமன்று. வந்த தொகை, வாங்கிய பொருள், விலைச்சிட்டை, இருவரின் கையொப்பம், மிகுதிப் பணம் ஆகியவற்றை எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டிவிட்டால் எவரும் வாசிக்கலாம். சில்லறைக் காசும் பிசகாமல் வரவு செலவு எழுதுவதும் ஒரு தொண்டே. கொடுப்பவர் தம் பெயரை வெளியிட விரும்பினால் வெளியிடலாம். பெயர் அவருக்குச் சொந்தமானது. பெறுபவரின் முகம் அவருக்குச் சொந்தமானதன்று.

பெயர் பற்றியும் பெரியபுராணம் ஒரு செய்தி கூறுகின்றது. திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த அப்பூதியடிகள் அதற்குத் தம் பெயரை இடவில்லை. தாம் கண்ணாற் காணாத திருநாவுக்கரசரின் பெயரை இட்டார். அவ்வழியே வந்த நாவுக்கரசர், தம் பெயர் எங்கும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, செய்தவர் தமது பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்றே வினவினார். இருவருமே பெயரைத் தம்மிடம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. தாகத்தோடு வந்தவருக்கு எப்பெயரில் இருந்தாலும் தண்ணீர் ஒன்றே.

பந்தி பற்றியும் மறைக்காமல் நினைவுகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஒரே வரிசையில் எல்லோரும் அமர்ந்து உண்பது இன்று இயல்பாகத் தோன்றுகின்றது. ஆனால் ஒரு காலத்தில் ஆலய வாயிலே எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957 இல் வந்தது. அதன் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. தானம் செய்பவன் தள்ளி நின்று இடும் சோறும், அருகில் அமர்ந்து உண்ணும் சோறும் ஒரே கிடாரத்தில் வெந்தாலும் ஒன்றல்ல. முன்னையது வயிற்றை நிரப்பும். பின்னையது மனிதரை மனிதராக்கும். அன்னதானத்தின் உயிர் பந்தியிலேதான் இருக்கின்றது.

ஆலயப் பணத்தை இராசகோபுரத்துக்குச் செலவிடுவதா, ஏழைகளுக்குச் செலவிடுவதா என்னும் வாதமும் கிராமங்களில் எழுவதுண்டு. கோபுரம் வீண் என்று கூறுதல் பொருந்தாது. அது சிற்பியருக்கும் கட்டடத் தொழிலாளருக்கும் பிழைப்பைத் தருகின்றது. தலைமுறைகளை ஒன்றாக வணங்கச் செய்கின்றது. ஆனால் கோபுரத்தின் நிழலிலே ஒரு பிள்ளை பசித்திருந்தால், அந்தக் கோபுரம் இன்னும் முற்றுப்பெறவில்லை என்றே கொள்ள வேண்டும். தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தை வழிநடத்திய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் இவ்விரண்டையும் பகையாகக் கருதவில்லை. 2008 இல் சிவபதம் எய்திய அவர், ஆலயத்தையும் சிறக்கச் செய்து, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு மகளிர் இல்லத்தையும் நடத்திக் காட்டினார். வழிபாடும் தொண்டும் ஒரே கணக்கில் எழுதப்படலாம் என்பதற்கு அவரது வாழ்வு சான்று.

தானம் செய்பவர் அனைவரும் அஞ்ச வேண்டிய ஒரு சோதனையை மணிமேகலைக் காப்பியம் காட்டுகின்றது. அமுதசுரபி என்னும் பாத்திரத்தைக் கொண்டு பசித்தவருக்கெல்லாம் சோறிட்டு வந்தான் ஆபுத்திரன். மழை பெய்து நாடு செழித்தது. அவனிடம் உண்ண வருவார் இல்லை. அவன் மனம் நொந்து ஊர் ஊராகத் தேடி அலைந்தான். பசித்தவர் இல்லாத நாளிலே கொடுப்பவன் மகிழ வேண்டுமா, வருந்த வேண்டுமா? வருந்துவானாயின், அவன் தேடியது பிறர் நிறைவையா, தன் நிறைவையா? ஆபுத்திரன் போன்ற அருளாளனுக்கே இத்துன்பம் நேர்ந்ததென்றால், ஆண்டுதோறும் அதே குடும்பங்களுக்கு அதே பொதியை வழங்கி மனநிறைவு கொள்ளும் சங்கங்கள் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! ஒரு விதவைத் தாய்க்கு மாதந்தோறும் அரிசி கொடுப்பது நன்று. அவர் அரிசி வாங்கக்கூடிய நிலைக்கு வரத் தையல் இயந்திரமோ, கோழிக்கூடோ, சந்தைக்கு ஒரு வழியோ அமைத்துக் கொடுப்பது மேலும் நன்று. அடுத்த ஆண்டு அவரே மற்றொருவருக்கு ஒரு பிடி அரிசி கொடுக்க வருவாராயின் அத்தருமம் நிறைவெய்திற்று.

அந்த அமுதசுரபி ஆபுத்திரனுக்குப் பின் மணிபல்லவத்தில் மணிமேகலையின் கைக்கு வந்தது. மணிபல்லவம் நயினாதீவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரமும் தானாக நிரம்பத் தொடங்கவில்லை. ஆதிரை என்னும் நல்லாள் தன் கையால் முதற் பிச்சை இட்ட பின்னரே அது சுரந்தது. தெய்வீகப் பாத்திரத்துக்கும் ஒரு மனிதக் கை வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

ஈழத்து வீடுகளிலே முன்பு பிடியரிசிப் பானை இருந்தது. உலைக்கு அரிசி இடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து அப்பானையில் இடுவர். அந்த ஒரு பிடியால் வீட்டில் எவருக்கும் சோறு குறைந்ததில்லை. ஊர் முழுவதும் சேரும்போது அது மூட்டையாகும். 2022 இல் விலைவாசி உச்சிக்கு ஏறிப் பல வீடுகளில் ஒருவேளை உணவு அரிதானபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தையும் ஏனைய பகுதிகளையும் சீரழித்தபோதும், தமக்கே போதாத நிலையில் இருந்தவர்கள் பிறருக்குக் கொடுத்தனர். செல்வம் வந்த பின்னர்தான் கொடுக்க வேண்டும் என்பது அறமறியாதார் கூற்று.

ஆகவே, பொருள் உள்ளவர் பொருளைத் தருக. உடல்வலிமை உள்ளவர் உழைப்பைத் தருக. எழுத்தறிந்தவர் கணக்கை எழுதுக. ஊரை அறிந்தவர் எவருக்கு எது வேண்டும் என்பதைக் கூறுக. ஒன்றுமே இல்லாதவர் பந்தியிலே அருகில் அமர்ந்து உண்க; அவ்வாறு அமர்வதும் ஊருக்கு அவர் செய்யும் உதவியே. அடுத்த மகோற்சவத்திலே உபயகாரரின் பெயரை வாசிக்கும்போது, கிடாரம் கழுவியவரின் பெயரையும் ஒருமுறை வாசித்தால் எம்பெருமான் மகிழ்வான் என்பதில் ஐயமில்லை.