ராணியின் கிணறு

இரணைமடுக் குளக்கட்டில் நடந்துகொண்டிருந்தபோது மாணவி கேட்டாள்: "சேர், அனுக் அருட்பிரகாசத்தின்ர 'எ பாசேஜ் நோர்த்' வாசிச்சு முடிச்சிட்டன். 2021இல புக்கர் பரிசுக் குறும்பட்டியலில வந்த நாவல். ஆனா எனக்குக் கோபம். கொழும்பில இருந்து கிரிஷான் ரயிலேறிக் கிளிநொச்சிக்கு, தன்ர அப்பம்மாவைப் பராமரிச்ச ராணியின்ர செத்தவீட்டுக்கு வாறான். வழி முழுக்க யோசிச்சு யோசிச்சு முதிருறான். செத்தது எங்கட மனிசி. ஞானம் அவனுக்கோ?"

ஆசிரியர் வன்னியில் பல காலம் தமிழ் படிப்பித்தவர். அந்தக் கோபத்தை அவர் ஆற்றப் பார்க்கவில்லை.

"கோபம் இருக்கட்டும் பிள்ளை. பூசலார் வாற இடத்தை எப்பிடி வாசிச்சனீர்?"

பூசலாரைச் சைவநெறிப் பாடத்திலேயே அவளுக்குத் தெரியும். திருநின்றவூர்க்காரர்; கோயில் கட்டக் கையில் பொருளில்லை. மனதுக்குள்ளேயே அத்திவாரம் போட்டு, கல் அடுக்கி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் பல்லவ அரசன் எழுப்பிய கற்கோயிலுக்கும் அதே நாள். சிவன் அரசனின் கனவில் வந்து வேறு நாள் பார்க்கச் சொன்னார் என்கிறது பெரியபுராணம். நாவலில், டெல்லியில் இருந்த காலத்தில் கிரிஷான் ஈழப்போரின் கடைசி மாதங்களைப் பற்றிய படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறான். இறந்தவர்களுக்கு மனதில் ஒரு கோயிலை எழுப்புகிறான்.

"பூசலாரின்ர கோயிலைச் சிவன் ஏற்றவர். இவன் கட்டினதை ஆர் ஏற்கிறது? எங்கட சனத்தைக் கேட்டே கட்டினவன்?"

"நாவலும் அதைத்தான் கேக்குது. பூசலார் ஊரை விட்டு அசையேல்லை, அரசன்தான் தேடி வந்தவன். கிரிஷானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எழும்பி வரத்தான் வேணும். வந்து என்னத்தைக் கண்டவன்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கிணறு."

ராணி இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவள். மூத்தவன் போராளி. இளையவன் போர் முடிவதற்கு முதல் நாள் ஷெல்லில் போனான். மின்னதிர்ச்சிச் சிகிச்சை எடுத்துக்கொண்டே கிரிஷானின் அப்பம்மாவைப் பராமரித்தாள். ஊருக்கு வந்த இடத்தில் கிணற்றுக்குள் விழுந்து கழுத்து முறிந்து இறந்தாள். தவறி விழுந்தாளா, தானாக விழுந்தாளா என்பதற்கு நாவலில் முடிவில்லை.

"அந்தக் கிணற்றுக்கு ஒரு பொருள் குடுத்து முடிச்சிருக்கலாம்," என்றார் ஆசிரியர். "எழுத்தாளர் குடுக்கேல்லை. டெல்லியில படம் பார்க்கேக்க எல்லாம் விளங்கினமாதிரி இருந்த பெடியனுக்கு, சிதைக்கு முன்னால ஒருத்தியின்ர துக்கத்தையே அளக்கேலாது எண்டு தெரியவருது. நான் அதைத்தான் வளர்ச்சி எண்டுவன்."

அசுவகோசரின் புத்தசரிதமும் நாவலில் வருகிறது. சித்தார்த்தன் மூப்பையும் பிணியையும் சாவையும் வெளியில் கண்டு வீட்டைத் துறந்தான். கிரிஷான் வீட்டிலோ அந்த மூன்றையும் இரண்டு பெண்கள் ஒரே கூரையின் கீழ் சுமந்தார்கள்: ஒரு கிழவியும் அவளைப் பராமரிக்க வந்த ராணியும். நாவலின் கனமான இடம் அந்த வீடுதான்.

"இருந்தாலும் சேர், ராணி தன்ர வாயால ஒண்டும் சொல்லேல்லையே!"

உண்மை. நாவலில் நேர்ப்பேச்சே கிடையாது; எல்லாரும் கிரிஷானின் நினைவுக்குள்ளால்தான் வருகிறார்கள். ஆசிரியர் அதை ஒப்புக்கொண்டு, 1973இல் வெளிவந்த பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவலைப் பேச்சில் எடுத்தார். தண்ணிமுறிப்புக் காட்டோரக் கதை. மண் பொந்தில் வாழும் நிலக்கிளி என்ற பறவை கதாநாயகி பதஞ்சலிக்குக் குறியீடு. ஆனால் பதஞ்சலி தன் வாயால் பேசுகிறாள், பறவைக்குள் தொலைந்துபோவதில்லை.

"அப்ப ரெண்டையும் பக்கத்தில வைச்சுக் கட்டுரை எழுதட்டே?"

"எழுதும். அதுக்கு முதல், பிள்ளையை இழந்த ஒரு அம்மா கேக்க விரும்பினா, ராணியின்ர பகுதியை அவவுக்கு வாசிச்சுக் காட்டும். அவ மறுத்துச் சொன்னாலும் அப்பிடியே எழுதும்."

"அம்மம்மாட்டக் கேட்டுப் பாக்கிறன்," என்றாள் மாணவி. "மாமா சண்டைக்காலத்தில வலைஞர்மடத்தில செத்துப்போனவர். இங்கிலீஷை நான்தான் தமிழில சொல்லவேணும்."