பட்டமும் அறிவும்

குறளில் கல்வி 40-ஆம் அதிகாரம், கேள்வி 42, அறிவுடைமை 43. படித்த மறுகணமே அறிவு வந்துவிடாது என்பதாகவே இந்த வரிசையை நான் எடுத்துக்கொள்கிறேன். பட்டத்துக்கு முன்பே அறிவு வந்துவிடுவதும் உண்டு. கணிதத்தில் மூழ்கி மற்ற பாடங்களைக் கவனியாமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர் ராமானுஜன். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது. அந்தப் பட்டம் அறிவை உண்டாக்கவில்லை, அங்கீகரித்தது.

ஆனால் அங்கீகாரம் அற்பமல்ல. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அக்கா. வங்கியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா நின்ற இடத்தில், அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, விவசாயக் கடன் படிவத்தைத் தானே நிரப்பிக் கையெழுத்திட்டார்.

மனம் ஒட்டாத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். ஒட்டினால், எப்பாடுபட்டாவது படியுங்கள். பட்டமில்லாதவரை அறிவில்லாதவர் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.